விஸ்வநாத்தின் 97: வாசகர் கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

இந்திய கிரிக்கெட் மட்டையாளர்களைப் பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதிய கட்டுரையில் குண்டப்பா விஸ்வநாத்தை சுனில் கவாஸ்கருக்குப் பக்கத்தில் வைத்திருந்தீர்கள். என் அப்பாவும் இதையேதான் சொல்வார். 1975 பொங்கல் சமயத்தில் சேப்பாக்கத்தில் விஸ்வநாத் எடுத்த 97 ரன்களை நேரில் பார்த்தவர் அவர். அந்தப் பேச்சை எடுத்தால் சாப்பாடு ஆறிப்போகும். ஆனால் எண்களைப் பார்த்தால் எனக்கு இது விளங்கவில்லை. கவாஸ்கர் 125 டெஸ்டுகளில் 34 சதங்கள், சராசரி 51. விஸ்வநாத் 91 டெஸ்டுகளில் 14 சதங்கள், சராசரி 42கூட இல்லை. ஒருநாள் ஆட்டங்களில் ஒரு சதமும் இல்லை. போதாக்குறைக்கு, அணித் தலைவராக இருந்த பம்பாய் ஜூபிலி (பொன்விழா) டெஸ்டில், நடுவர் அவுட் கொடுத்துவிட்ட இங்கிலாந்தின் பாப் டெய்லரைத் திரும்ப அழைத்து ஆட்டத்தையே கைநழுவ விட்டார். இதைப் பெருந்தன்மை என்று எழுதுகிறீர்கள். அணியின் வெற்றியைத் தானம் கொடுக்க அவருக்கு என்ன உரிமை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இளமையில் பார்த்ததெல்லாம் பெரிதாகத் தெரியும் மயக்கம்தானே இது?

அன்புடன்,
ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் உள்ள எண்கள் எல்லாம் சரியானவை. கவாஸ்கர் விஸ்வநாத்தைவிடப் பெரிய ரன் குவிப்பாளர் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஒருநாள் ஆட்டம் விஸ்வநாத்துக்குக் கைவரவில்லை என்பதும் உண்மை. ஆனால் மயக்கம் என்ற சொல்லை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்று சொல்ல, என் சொந்த அனுபவத்திலிருந்தே தொடங்குகிறேன்.

நான் விஸ்வநாத்தை நேரில் பார்த்தது 1982 ஜனவரியில், எனக்குப் பதினொரு வயதில், சித்தப்பாவோடு. அதே சேப்பாக்கம், இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட். விஸ்வநாத் 222 ரன்கள் எடுத்தார். யஷ்பால் சர்மா 140. இருவரும் சேர்ந்து 316 ரன்கள் சேர்த்தார்கள். நாங்கள் போயிருந்த இரண்டாம் நாள் முழுவதும் ஒரு விக்கெட்கூட விழவில்லை. சாய்ந்துகொள்ள இடமில்லாத சிமெண்ட் படியில் உட்கார்ந்து, தூக்குவாளியில் கொண்டுபோன தயிர்சாதத்தை வெயிலில் சாப்பிட்ட அந்த நாளை என்னால் மணி மணியாகச் சொல்ல முடியும். என் மயக்கம் பேசுவதாக இருந்தால், விஸ்வநாத்தின் மிகப் பெரிய இன்னிங்ஸ் அந்த 222தான் என்று நான் வாதாடியிருக்க வேண்டும். நான் அப்படிச் சொல்லவில்லை. அது பந்துவீச்சாளருக்கு எந்த உதவியும் தராத ஆடுகளம். ஆட்டம் டிராவில் முடிந்தது. அவருடைய மிகப் பெரிய இன்னிங்ஸ் என்று நான் நினைப்பது, நான் பார்க்காத, உங்கள் அப்பா பார்த்த அந்த 97தான்.

அந்தத் தொடரை நினைத்துப் பாருங்கள். கிளைவ் லாயிட் தலைமையில் வந்த மேற்கிந்தியத் தீவுகள் அணி பெங்களூரிலும் டெல்லியிலும் முதல் இரண்டு டெஸ்டுகளை வென்றுவிட்டது. மூன்றாவதாகக் கல்கத்தாவில் இந்தியா வென்றபோது, இரண்டாவது இன்னிங்ஸில் 139 ரன்கள் எடுத்து அந்த வெற்றிக்கு வழி செய்தவர் விஸ்வநாத். காயம்பட்டிருந்த கவாஸ்கர் கல்கத்தாவிலும் ஆடவில்லை, சென்னையிலும் ஆடவில்லை. சென்னையில் பந்து எழும்பியது. மேற்கிந்திய வேகப்பந்து வீச்சாளர் ஆண்டி ராபர்ட்ஸ் அந்த முதல் இன்னிங்ஸில் 64 ரன்களுக்கு 7 விக்கெட்டுகளை எடுத்தார். ஒரு முனையில் ஆட்கள் வருவதும் போவதுமாக இருக்க, விஸ்வநாத் மறுமுனையில் நின்றார். இந்தியா எடுத்தது 190. அதில் அவர் ஆட்டமிழக்காமல் 97, அதாவது பாதிக்கும் மேல்.

அந்த இன்னிங்ஸின் கடைசிப் பகுதியில் அவருக்குத் துணை நின்றவர்கள் சுழற்பந்து வீச்சாளர்களான பிஷன் சிங் பேடியும் பி. எஸ். சந்திரசேகரும். சந்திரசேகரின் மட்டை எப்படிப்பட்டது என்பதை அறிய ஓர் எண் போதும்: 58 டெஸ்டுகளில் அவர் எடுத்த விக்கெட்டுகள் 242, எடுத்த ரன்கள் 167. அப்படிப்பட்டவரை எதிர்முனையில் வைத்துக்கொண்டு, ராபர்ட்ஸின் வேகத்தை எதிர்கொண்டு, வெட்டியும் திருப்பியும் ரன் சேர்ப்பது எவ்வளவு கடினம் என்பதைச் சராசரி சொல்லாது. சராசரிக்கு எல்லா ரன்னும் ஒரே ரன்தான். என் 222இல் உள்ள ஒரு ரன்னையும் உங்கள் அப்பாவின் 97இல் உள்ள ஒரு ரன்னையும் அது ஒரே தட்டில் போட்டுக் கூட்டுகிறது. மேற்கிந்தியர் முதல் இன்னிங்ஸில் 192 ரன்கள்தான் எடுத்தார்கள். இந்தியா இறுதியில் 100 ரன் வித்தியாசத்தில் வென்றது. அந்த 97 இல்லாமல் இந்த வெற்றியை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. கிரிக்கெட் ஆண்டுமலருக்குப் பேர்போன விஸ்டன் 2001இல் வெளியிட்ட மிகச் சிறந்த நூறு டெஸ்ட் இன்னிங்ஸ்களின் பட்டியலில், சதத்தை எட்டாத இந்த ஆட்டம் இடம்பெற்றது வியப்பே அல்ல.

எண்களைத்தான் நம்புவேன் என்றால், இன்னோர் எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விஸ்வநாத் சதமடித்த 14 டெஸ்டுகளில் இந்தியா ஒன்றில்கூடத் தோற்கவில்லை. நான்கில் வென்றது: கல்கத்தா 1975, 403 ரன் இலக்கை எட்டிப் பிடித்த போர்ட் ஆஃப் ஸ்பெயின் 1976, மறுபடியும் சேப்பாக்கம் 1979, ஆஸ்திரேலியாவை 83 ரன்களுக்குச் சுருட்டிய மெல்போர்ன் 1981. மெல்போர்னில் கபில் தேவின் பந்துவீச்சு நினைவில் இருக்கும் அளவுக்கு, முதல் இன்னிங்ஸில் விஸ்வநாத் எடுத்த 114 பலருக்கு நினைவில் இல்லை. அணி தாராளமாக ஆடும் நாளில் அவர் சில சமயம் அக்கறையற்று ஆட்டமிழந்துவிடுவார். அணி சிக்கலில் இருக்கும் நாளில் வேறு மனிதராகிவிடுவார். சராசரி 50க்குப் போகாததற்கு அதுவே காரணம் என்பது என் கணிப்பு. அதைக் குறை என்றே நானும் சொல்வேன்.

அவர் ஆடிய விதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் மிகக் குள்ளமானவர். 1973இல் பம்பாயில் தம் இரண்டாவது சதத்தை அவர் எட்டியபோது, ஆறரையடி உயர இங்கிலாந்து ஆட்டக்காரர் டோனி கிரேக் ஓடிவந்து அவரைக் குழந்தையைப் போலக் கைகளில் ஏந்தித் தாலாட்டிய காட்சியை உங்கள் அப்பா சொல்லியிருப்பார். (அந்த இரண்டாவது சதத்துக்கு ஒரு தனிப் பொருள் உண்டு. அவருக்கு முன் அறிமுக டெஸ்டிலேயே சதமடித்த ஐந்து இந்தியர்களில், நம் சென்னையின் கிருபால் சிங் உட்பட, எவருமே இன்னொரு சதம் அடித்ததில்லை. 1969இல் கான்பூரில் முதல் இன்னிங்ஸில் பூஜ்யமும் இரண்டாவதில் 137ம் எடுத்த விஸ்வநாத்துக்கு அந்த வழக்கத்தை உடைக்க மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.) குள்ளமானவருக்கு எழும்பும் பந்து எமன் என்பார்கள். விஸ்வநாத் அதையே வரமாக்கிக்கொண்டார். 1982இல் நான் பார்த்த ஒரு ஸ்கொயர் கட் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே குறைவான நீளத்தில் விழுந்த பந்து அவரைக் கடந்து போய்விட்டது என்றே எனக்குத் தோன்றியது. பின்னங்கால் குறுக்கே நகர்ந்து முன்பாதத்தில் எம்பியது. மட்டை மேலிருந்து இறங்கியது. மணிக்கட்டு மட்டும் கடைசி நொடியில் திரும்பியது. ஓசை வந்து சேர்வதற்குள் பாயிண்டில் நின்றவர் எல்லைக்கோட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா கை தட்டவில்லை. என் தோளைப் பிடித்து அழுத்தினார்.

இனி பாப் டெய்லர் விவகாரம். 1980 பிப்ரவரி, பம்பாய் வான்கடே. இங்கிலாந்து 58 ரன்களுக்கு 5 விக்கெட்டுகளை இழந்திருந்த நிலையில் இயான் போத்தமும் டெய்லரும் சேர்ந்தார்கள். கபில் தேவின் பந்தில் டெய்லர் பின்னால் பிடி கொடுத்ததாக நடுவர் ஹனுமந்த ராவ் விரலை உயர்த்தினார். டெய்லர் தயங்கி நின்றார். ஸ்லிப்பில் நின்றிருந்த விஸ்வநாத்துக்குப் பந்து மட்டையில் படவில்லை என்று தெரிந்தது. நடுவரிடம் சென்று அப்பீலைத் திரும்பப் பெற்றார். டெய்லர் 43 ரன்கள் எடுத்தார், போத்தம் 114. அந்த ஜோடி 171 ரன்கள் சேர்த்தது. இந்தியா பத்து விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. இதற்கு விலை இருந்தது என்பதை நான் மறைக்கவில்லை. ஆனாலும் தோல்வியின் முழுச் சுமையையும் அந்த ஒரு முடிவின் மேல் ஏற்றுவது நியாயமில்லை: போத்தம் இரண்டு இன்னிங்ஸிலுமாக 13 விக்கெட்டுகளை எடுத்தார், இந்தியா இரண்டாவது முறை 149 ரன்களுக்கு ஆட்டமிழந்தது.

தானம் கொடுக்க அவருக்கு என்ன உரிமை என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே என்னை அதிகம் யோசிக்க வைத்த கேள்வி இதுதான். தம் சொந்த விக்கெட்டைத் தாமாக விட்டுக்கொடுப்பது வேறு, பதினொரு பேருக்குச் சொந்தமானதை விட்டுக்கொடுப்பது வேறு என்கிறீர்கள், நல்ல வாதம். ஆனால் அந்த விக்கெட் இந்தியாவுக்குச் சொந்தமாக இருந்ததா? ஆட்டமிழக்காத ஒருவரின் விக்கெட் நடுவரின் தவறால் நம் கைக்கு வந்திருந்தது. அது தவறு என்பதை அணியின் தலைவரே கண்ணால் பார்த்திருக்கிறார். நம்முடையதல்லாத ஒன்றைத் திருப்பிக் கொடுப்பதைத் தானம் என்று சொல்ல முடியாது. அப்பீலைத் திரும்பப் பெறும் உரிமையைத் தலைவருக்குத் தருவதும் ஆட்ட விதிகள்தாம். விஸ்வநாத் இந்தியாவுக்குத் தலைமை தாங்கியது இரண்டே டெஸ்டுகளில், இது இரண்டாவது. பிற்காலத்தில் அவர் சர்வதேச ஆட்டங்களில் ஆட்டக்காரர்களின் நடத்தையை விசாரிக்கும் மேட்ச் ரெஃபரியாக இருந்தார். அந்த நாற்காலிக்கு அவரைவிடத் தகுதியானவரை எனக்குத் தெரியாது.

கவாஸ்கரோடு ஒப்பிடுவதைப் பற்றி இதை மட்டும் சொல்கிறேன். கவாஸ்கரின் தங்கையைத்தான் விஸ்வநாத் மணந்தார். ஆனால் கவாஸ்கர் தம் மகனுக்கு ரோஹன் ஜெய்விஷ்வா என்று பெயரிட்டது உறவுக்காக மட்டும் அல்ல என்று நினைக்கிறேன். ரோஹன் கன்ஹாய், ஜெய்சிம்ஹா, விஸ்வநாத் ஆகிய மூன்று மட்டையாளர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. மறுமுனையிலிருந்து அவரைப் பார்த்தவரின் மதிப்பீடு அது.

உங்கள் அப்பாவிடம் எனக்காக ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். 1975இல் என் சித்தப்பாவும் சேப்பாக்கத்தில் இருந்தார். சந்திரசேகர் ஆட்டமிழந்து, மூன்று ரன்கள் குறைவாக விஸ்வநாத் திரும்பி நடந்தபோது அரங்கம் முதலில் அப்படியே அடங்கிப்போயிற்று என்றும், அவர் பாதி தூரம் வந்த பிறகுதான் எல்லோரும் எழுந்து நின்றார்கள் என்றும் அவர் சொல்வார். சித்தப்பா இப்போது இல்லை. அந்தக் கணம் அப்படித்தான் இருந்ததா என்று தெரிந்துகொள்ள வெகு நாளாக ஆசை. அப்பாவுக்கு எழுத முடியாவிட்டால், அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்.