வால்வுத் தகடு சிவந்தால் உடனே நிறுத்துங்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் வாங்கிய பழைய ஃபெண்டர் பேஸ்மேன் 100 கிட்டார் அம்ப்ளிஃபயரில், நான்கு 6எல்6 வால்வுகளில் (ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்கள்) ஒன்றின் உள்ளே இருக்கும் உலோகத் தகடு மட்டும் பத்து நிமிடத்தில் சிவக்கிறது என்கிறீர்கள். தயவுசெய்து இனி அப்படியே வாசிக்காதீர்கள், வால்வுகளை ஸ்பீக்கரோடு இணைக்கும் அவுட்புட் ட்ரான்ஸ்போமரே போய்விடும்.

அணைத்து, நன்றாக ஆறவிட்டு, அந்த வால்வைப் பக்கத்து வால்வோடு இடம் மாற்றிப் பாருங்கள். சிவப்பும் அந்த வால்வோடு சேர்ந்து போனால் வால்வுதான் பழுது, அதே சொக்கெட்டிலேயே நின்றால் பயாஸ் மின்னழுத்தம் (வால்வில் ஓடும் மின்னோட்டத்தை அடக்கி வைப்பது) அங்கே சரியாக வரவில்லை. நம் கடல்காற்றில் சொக்கெட் பின்கள் பச்சை பிடித்துத் தொடர்பு விட்டுப்போவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சோதிக்கும்போது ஸ்பீக்கர் கட்டாயம் இணைந்திருக்கட்டும்.

அப்புறம், சேசிஸை (உள்ளே மின்சுற்று இருக்கும் உலோகப் பெட்டி) நீங்களே திறக்க வேண்டாம், வால்வு வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கப்பாசிட்டரில் 400 வோல்ட்டுக்கு மேலும் தங்கியிருக்கலாம்.