ஆர்.எக்ஸ். 100 புகை நிற்கவில்லையா? போர் அடிக்கும் முன் கிராங்க் சீலைப் பாருங்கள்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். அப்பா ஓட்டிய 1994 மாடல் யமஹா ஆர்.எக்ஸ். 100 நாலு வருடம் ஓடாமல் நின்றது. கார்ப்பரேட்டரைச் சுத்தம் செய்து, புது பிளக் போட்டுக் கிளப்பினேன். எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை. ஐட்லிங் சில நேரம் தானாக ஏறுகிறது. கியர் ஆயிலும் குறைவதுபோல் தெரிகிறது. போர் அடித்துப் புது பிஸ்டன் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். வீட்டிலேயே எதுவரை பார்க்கலாம்?

பதில்: சிலிண்டரை இப்போதைக்குப் போர் அடிக்க, அதாவது உள்சுவரைக் கடைந்து அகலப்படுத்த, கொடுக்காதீர்கள். நீங்கள் சொன்ன மூன்று அறிகுறிகளும் கிராங்க் சீல்களைத்தான் காட்டுகின்றன. சீலை அப்படியே விட்டுவிட்டுப் புது பிஸ்டன் போட்டால் புகையும் போகாது, சில நூறு கிலோமீட்டரில் அந்தப் பிஸ்டனும் ஜாம் ஆகலாம்.

டூ-ஸ்ட்ரோக்கில், பிஸ்டன் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட் இருக்கும் அடிப்பெட்டியான கிராங்க்கேஸும் மூச்சு விடுகிற உறுப்பு. பிஸ்டன் மேலே போகும்போது கிராங்க்கேஸ், ஒருவழி மடலான ரீட் வால்வு வழியாகப் பெட்ரோல் கலவையை இழுக்கிறது. கீழே வரும்போது அதைச் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. எனவே கிராங்க் ஷாஃப்ட்டின் இரு பக்கமும் காற்றுப் புகாமல் ரப்பர் சீல் இருக்கும். இந்த வண்டியில் வலது சீலுக்கு அப்பால் கிளட்ச்சும் கியர் ஆயிலும், இடது சீலுக்கு அப்பால் மேக்னெட் (மின்சாரம் தரும் சுழல் காந்தம்). தயாரிப்பு 1996-இலேயே நின்றுபோன வண்டி என்பதால், பழைய சீல்கள் அப்படியே இருந்தால் உங்கள் வண்டியில் முப்பது வயதைத் தாண்டியவை. வண்டி ஓடாமல் நிற்கும்போது சீலின் உதடு (ஷாஃப்ட்டைத் தொடும் விளிம்பு) காய்ந்து விறைத்துவிடும்.

வலது சீல் போனால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கியர் ஆயில் உள்ளே இழுக்கப்பட்டு எரியும். தரையில் சொட்டு விழாது, ஆனால் ஆயில் குறையும். பிளக் முனை ஈரமாக, பிசுபிசுப்பான கறுப்பாக இருக்கும். இடது சீல் போனால் இழுக்கப்படுவது வெறும் காற்று. கலவையில் பெட்ரோலும் ஆயிலும் குறைந்து, ஐட்லிங் ஏறும். ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் வேகம் மெதுவாகத்தான் இறங்கும். இரண்டில் ஆபத்தானது இதுதான். புகை வந்து எச்சரிக்காது. ஹோசூர் ரோட்டில் ஃபுல் த்ராட்டிலில் பத்து நிமிடம் போனால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். வண்டி நிற்கும்போதே, பெட்ரோலோடு சேர்ந்து எரியும் 2டி ஆயில் அதன் பம்ப் வழியாகக் கசிந்து கிராங்க்கேஸில் தேங்கியிருக்கலாம். அப்படியானால் முதலில் புகை மண்டினாலும் சில கிலோமீட்டரில் தெளிந்துவிடும். குறைவதும் 2டி டேங்கில்தான். சூடான பிறகும் உங்கள் வண்டியில் புகை நிற்காததால் வலது சீல் மீதுதான் சந்தேகம் அதிகம். கியர் ஆயிலை வடித்து, மேனுவலில் சொன்ன அளவை அளவுக் குவளையால் ஊற்றி, 200 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டித் திரும்ப வடித்து அளந்து பாருங்கள். வடித்த ஆயிலில் பெட்ரோல் வாசனை அடித்தாலும் அதே சீல்தான்.

உறுதி செய்வதற்குப் பிரஷர் டெஸ்ட். நிறையப் பேர் இதைச் செய்வதே இல்லை, ஆனால் இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். வீட்டில் ரத்த அழுத்தம் பார்க்கும் பழைய கைப்பம்ப், டயல் மீட்டரோடு இருந்தால் போதும். சைலன்சரைக் கழற்றி, எக்ஸாஸ்ட் வாயை ரப்பர் ஷீட்டும் தகடும் வைத்து இறுக்கி அடையுங்கள். கார்ப்பரேட்டரை எடுத்துவிட்டு, அந்த ரப்பர் வாயில் துளையிட்ட ரப்பர் கார்க் செருகி, துளையில் பம்ப்பின் டியூபைப் பொருத்துங்கள். ஆயில் பம்ப் டியூப் சேரும் இடத்தையும் அடைக்க வேண்டும். பிளக் இறுகியிருக்கட்டும். பிஸ்டனை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து, மீட்டர் 250 காட்டும்வரை மெதுவாக அழுத்துங்கள். அது ஏறக்குறைய 5 பி.எஸ்.ஐ. அதற்கு மேல் போகாதீர்கள், நல்ல சீலே மடங்கிவிடும். நல்ல எஞ்சினில் முள் ஐந்து நிமிடத்துக்குப் பெரிதாக அசையாது. ஒரு நிமிடத்தில் 50-க்கு மேல் இறங்கினால் எங்கோ ஓட்டை. முதலில் நீங்கள் போட்ட அடைப்புகளிலும், பிறகு சிலிண்டர் அடி கேஸ்கெட், ஹெட், ரீட் பிளாக், பிளக் அடி என்று எல்லா இணைப்பிலும் சோப்பு நுரை தடவுங்கள். மேக்னெட் கவரைத் திறந்து உள்ளேயும் தடவுங்கள். வெளியே எங்கும் நுரை பொங்காமல் முள் மட்டும் இறங்கினால் கிளட்ச் பக்கம். கியர் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து காது வைத்தால் குமிழி வெடிக்கும் சத்தம்கூடக் கேட்கலாம்.

இடது சீலை வீட்டில் மாற்றலாம். ஆனால் மேக்னெட்டை அதற்கான புல்லரால் மட்டுமே எடுக்க வேண்டும். சுத்தியலால் தட்டினால் காந்தம் விரிசல் விடும், ஷாஃப்ட் கோணும். காயில்கள் இருக்கும் ஸ்டேட்டர் பிளேட்டைக் கழற்றும் முன் அதன் இடத்தைக் கூரான முனையால் கோடு போட்டுக்கொள்ளுங்கள், டைமிங் மாறாது. மேக்னெட்டைப் பிடிக்கும் அரைவட்டக் கீயைத் தொலைத்துவிடாதீர்கள். பழைய சீலை நெம்பும்போது ஷாஃப்ட்டில் கீறல் விழக் கூடாது. எடுத்த சீலின் உதட்டை நகத்தால் அழுத்திப் பாருங்கள். பிளாஸ்டிக் போல் விறைத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். புது சீலின் உதட்டில் கிரீஸ் தடவி, ஸ்பிரிங் தெரியும் பக்கம் கிராங்க்கேஸை நோக்கி இருக்க, அதே விட்டமுள்ள சாக்கெட்டால் பழைய ஆழத்துக்கே நேராக இறக்குங்கள். ஜே.சி. ரோட்டில் வாங்கும்போது பழைய சீலைக் கையில் கொண்டுபோய், மேலே அச்சிட்ட உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றையும் ஒப்பிடுங்கள்.

சீல் போடும் முன் ஷாஃப்ட் முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கையில் உணரும்படி ஆட்டம் இருந்தால் மெயின் பேரிங் போயிருக்கிறது. புது சீல் அதிக நாள் தாங்காது. எஞ்சினைப் பிளக்க வேண்டிய அந்த வேலையையும், கிளட்ச்சும் பிரைமரி கியரும் கழற்ற வேண்டிய வலது சீலையும் டூ-ஸ்ட்ரோக் பழகிய மெக்கானிக்கிடம் கொடுப்பதே நல்லது. இரண்டு சீலையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள்.

போர் அடிப்பது அவசியமா என்பதை இதன் பிறகுதான் முடிவு செய்ய வேண்டும். சூடான எஞ்சினில், த்ராட்டிலை முழுதாகத் திறந்து, கம்ப்ரஷன் கேஜ் போட்டு முள் ஏறாமல் நிற்கும்வரை கிக்குங்கள். பெங்களூரு 900 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால், அதே எஞ்சின் சென்னையில் காட்டுவதைவிட இங்கே ஏறக்குறைய 10 சதவீதம் குறைத்தே காட்டும். 100 பி.எஸ்.ஐ. சுற்றி வந்தால் சிலிண்டரை விட்டுவிடலாம். மிகவும் குறைந்தால் பிஸ்டன் ரிங்கை மட்டும் சிலிண்டருக்குள் நேராக 20 மி.மீ. இறக்கி, அதன் இரு முனைக்கு நடுவே உள்ள வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து பாருங்கள். 50 மி.மீ. போருக்கு 0.2 முதல் 0.3 மி.மீ. நல்லது, 0.6 தாண்டினால் ரிங் தேய்ந்துவிட்டது. சுவரில் நகம் மாட்டும் கீறல் இருந்தால்தான் போர்.

எரிந்த கியர் ஆயிலின் கரி எக்ஸாஸ்ட் வாயிலும் சைலன்சரின் உள் குழாயிலும் படிந்திருக்கும். வாயை மரக்குச்சியால் சுரண்டுங்கள், ஸ்க்ரூடிரைவர் வேண்டாம்.

சீல் மாற்றியதும் முதல் டேங்குக்கு, பம்ப் வேலை செய்தாலும், லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயிலைப் பெட்ரோலிலும் கலந்துவிடுங்கள். டியூபில் காற்றுக் குமிழி இருந்தால் பம்ப்பின் பிளீட் ஸ்க்ரூவைத் திறந்து வெளியேற்ற வேண்டும். இப்போதைய 20 சதவீத எத்தனால் பெட்ரோல் கலவையைச் சற்று மெலிதாக்கும், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் போதாமல் செய்யும். பெங்களூரின் மெலிந்த காற்று அதில் ஒரு பகுதியை ஈடுகட்டிவிடும். ஆகவே கார்ப்பரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை உடனே மாற்றாதீர்கள். வேகமாக ஓட்டி, கிளட்ச் பிடித்து அப்படியே எஞ்சினை நிறுத்திப் பிளக்கைப் பாருங்கள். வெளுத்திருந்தால் மட்டும் மெயின் ஜெட் ஒரு அளவு கூட்டுங்கள். எத்தனால் ஈரம் இழுக்கும் என்பதால் மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் கார்ப்பரேட்டர் கிண்ணத்தை வடித்துவிடுங்கள்.

நந்தி மலை போன்ற இறக்கத்தில் த்ராட்டிலை மூடியே வராதீர்கள். மூடியிருக்கும்போது எஞ்சின் சுற்றும், ஆனால் ஆயில் மிகக் குறைவாகவே உள்ளே போகும். சில நொடிக்கு ஒருமுறை லேசாகத் திறந்து மூடுங்கள்.