நவீன ஓவியர்களின் படங்களில் உண்மையிலேயே தத்துவம் இருக்கிறதா, விமர்சகர்கள் ஏற்றிச் சொல்வதா?

இருக்கிறது. ஆனால் நாம் தேடுகிற இடத்தில் பெரும்பாலும் இருப்பதில்லை. படத்துக்குப் பின்னால் ஒரு கருத்து ஒளிந்திருக்கிறது, அதைக் கண்டுபிடித்துவிட்டால் படம் புரிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டே பார்க்கிறோம். நல்ல ஓவியரின் சிந்தனை தெரிவது அவர் கோடு போடும் விதத்தில், எதை வரையாமல் விட்டார் என்பதில், ஒரே பொருளிடம் ஏன் திரும்பத் திரும்ப வந்தார் என்பதில்.

நான் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கே, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தமிழும் மலையாளமும் என்று வாழும் பகுதி இது. வகுப்பில் தினமும் பார்ப்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

எந்தப் பிள்ளையிடம் மலை வரையச் சொன்னாலும் இரண்டு முக்கோணம் வரும். நடுவில் சூரியன், கீழே ஆறு, ஓரத்தில் தென்னை. எங்கள் ஜன்னலுக்கு வெளியே தெரிவது நெல்லியாம்பதி மலை. அதில் முக்கோணமே கிடையாது. நீளமாகப் படுத்திருக்கும். மத்தியான வெயிலில் அதன் அடிவாரம் எங்கே தொடங்குகிறது என்றே சொல்ல முடியாது. வயல் வரப்பில் நிற்பதும் தென்னையைவிடப் பனைதான் அதிகம். பிள்ளைகளுக்குத் திறமை இல்லை என்று சொல்ல மாட்டேன். கண்ணுக்குப் படுவதை விட்டுவிட்டு, ஏற்கெனவே தெரிந்ததை வரைகிறார்கள், அவ்வளவுதான். பெரியவர்களான நாமும் நாள் முழுக்க அப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பிரெஞ்சு ஓவியர் பால் செசான் கடைசிவரை மல்லுக்கட்டியது இதோடுதான். தெற்கு பிரான்சில் தன் ஊருக்குப் பக்கத்திலிருந்த சான்ட் விக்டுவார் மலையை எண்ணெய் வண்ணத்திலும் நீர்வண்ணத்திலும் மாற்றி மாற்றி வரைந்தார். 1906இல் இறக்கும்வரை அந்த மலையை அவர் விடவில்லை. அவருடைய மேசைப் படங்களைப் பாருங்கள். விரித்த துணிக்கு இந்தப் பக்கம் மேசை விளிம்பு ஓர் உயரத்தில் இருக்கும், அந்தப் பக்கம் வேறு உயரத்தில் வெளியே வரும். ஆப்பிளைச் சுற்றி ஒரே கோடு இருக்காது, இரண்டு மூன்று நீலக் கோடுகள் இருக்கும். அறிவு ஒழுங்குபடுத்துவதற்கு முன்னால் ஒரு பொருள் நமக்கு எப்படித் தோன்றுகிறது? அந்தக் கேள்வியை அவர் வாயால் கேட்கவில்லை, தூரிகையால் கேட்டார்.

1945இல் மெர்லோ-போன்டி என்ற பிரெஞ்சுத் தத்துவவாதி ‘செசானின் ஐயம்’ என்று ஒரு கட்டுரை எழுதினார். நீங்கள் சொல்கிற ‘ஏற்றிச் சொல்வது’ இதில் இல்லை என்பது என் எண்ணம். அவர் சுட்டிக்காட்டும் உடைந்த விளிம்பும் இரட்டைக் கோடும் படத்திலேயே இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் போய்ச் சரிபார்க்கலாம். எந்த விமர்சனத்தையும் நான் இப்படித்தான் சோதிப்பேன்: சொல்கிற கருத்துக்குப் படத்தில் விரல் வைத்துக் காட்ட ஓர் இடம் இருக்க வேண்டும்.

ஓவியரே ஒரு தத்துவத்தைப் படித்து, நம்பி, எழுதியும் வைத்திருந்தால்? அப்படியும் உண்டு. டச்சு ஓவியர் மோந்திரியான் 1909இல் பிரம்மஞான சபையில் (தியசாபிகல் சொசைட்டி) சேர்ந்தார். சென்னை அடையாறில் தலைமையகம் உள்ள அதே சபைதான். ரஷ்ய ஓவியர் கண்டின்ஸ்கியும் கலையில் ஆன்மிகம் பற்றி எழுதிய புத்தகத்தில் அந்தச் சபையைப் பற்றிப் பேசுகிறார். ஆனால் பிரம்மஞானத்தில் துளியும் நம்பிக்கை இல்லாத ஒருவரையும் மோந்திரியான் பிடித்து நிறுத்துகிறார். அவர் 1908இலிருந்து 1912வரை வரைந்த மரங்களை வரிசையாகப் பாருங்கள். முதலில் சிவந்த கிளைகளோடு ஒரு முழு மரம். பிறகு சாம்பல் நிறத்தில் வளைவுகள். பிறகு மரத்தின் பெயர் மட்டுமே மிஞ்சிய கோட்டு வலை. ஒரு மனிதர் யோசிப்பதைக் கண்ணால் பார்க்க முடிகிற வரிசை அது. அவர் படித்த புத்தகம் அதற்கு ஒரு தூண்டுதல், அதற்குமேல் இல்லை.

பெல்ஜிய ஓவியர் மக்ரித்தை எல்லோரும் சொல்வார்கள். 1929இல் புகைக்கும் பைப் ஒன்றை வரைந்து, கீழே ‘இது பைப் அல்ல’ என்று எழுதினார். பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோ அதைப் பற்றித் தனியாகவே எழுதியிருக்கிறார். நல்ல சிந்தனைதான். எனக்கு அது ஒரு தடவை புரிந்ததும் முடிந்துவிடுகிறது.

எனக்கு அப்படி முடிந்துபோகாமல் இருப்பவர் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர். 1911இல் கோயம்புத்தூரில் பிறந்த மலையாளி. சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்தார். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார். ஆரம்பத்தில் கேரளத்துக் காயல்களையும் தோப்புகளையும் நீர்வண்ணத்தில் வரைந்து பெயர் எடுத்தவர். பாரிஸ் ஓவியர்களைப் பார்த்துக் காப்பியடிக்காமல் இந்திய ஓவியன் எப்படி நவீனமாக இருப்பது என்ற கேள்வி அவரை விடவில்லை. 1963 வாக்கில் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை தொடங்குகிறது. வெளிறிய பரப்பு, அதில் பொடிப்பொடியாக எழுத்து வரிசைகள், ஜாதகக் கட்டங்கள், கணக்குக் குறிகள், இடையில் ஒரு மீன், ஒரு பறவை.

மலையாளம் தெரிந்தவர்கள் அந்தப் படங்களுக்கு அருகில் போய்ப் படிக்கப் பார்ப்பார்கள். வளைவு மலையாள எழுத்தின் வளைவுதான், படித்தால் ஒன்றும் வராது. தமிழும் மலையாளமும் படித்து வளர்ந்த எனக்குக் கண் இரண்டு பக்கமும் ஓடும். இது ‘ழ’வா, ‘ற’வா என்று தேடும், கிடைக்காது. கொஞ்ச நேரத்தில் படத்தை விட்டுவிட்டு, படித்தல் என்றால் என்ன என்று யோசிக்கத் தொடங்கிவிடுகிறோம். அர்த்தம் எழுத்தில் இருக்கிறதா, அல்லது அர்த்தம் இருந்தே தீரும் என்ற நம் எதிர்பார்ப்பில் இருக்கிறதா?

எங்கள் பக்கத்து வீடுகளில் பீரோவுக்குள் ஜாதகம் இருக்கும். வீட்டில் யாருக்கும் அதைப் படிக்கத் தெரியாது, ஜோசியருக்குத்தான் தெரியும். ஆனாலும் அந்தக் கட்டம் கல்யாணத்தை நிறுத்தும், வீடு கட்டும் தேதியைத் தள்ளிப்போடும். படிக்கத் தெரியாதவர்மேல்தான் குறிக்கு இத்தனை அதிகாரம். பணிக்கர் அதே கட்டத்தை எடுத்து, பலன் சொல்லும் வேலையை நீக்கிவிட்டு, கட்டத்தை மட்டும் நம் முன்னால் வைக்கிறார். அப்போதும் அது நம்மை இழுக்கிறது. அந்த இழுப்பு எங்கிருந்து வருகிறது என்பதுதான் அவருடைய கேள்வி. மொழித் தத்துவம் பேசுகிறவர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிற கேள்வி இது.

இவரைச் சிலர் தாந்திரிக ஓவியர் என்று எழுதுகிறார்கள். இங்கேதான் உங்கள் சந்தேகம் சரி. தாந்திரிக யந்திரத்தில் ஒவ்வொரு கோணத்துக்கும் ஒரு பொருளும் பயனும் உண்டு. பணிக்கரின் குறிகளுக்கு அப்படி ஏதும் இல்லை, இல்லாததுதான் விஷயமே. விரல் வைத்துக் காட்டச் சொன்னால் அந்த வாதம் நிற்காது. இன்னொரு இந்திய ஓவியரான எஸ்.எச். ரஸாவின் ‘பிந்து’வில் (புள்ளி) வேறு விதமான சிக்கல். அந்தக் கறுப்பு வட்டம் தொடக்கத்தில் உண்மையான தேடலாக இருந்தது. பிற்காலப் படங்கள் பலவற்றில் பெயரே முந்திக்கொண்டு அர்த்தத்தைச் சொல்லிவிடுகிறது, பார்ப்பதற்கு மிச்சம் குறைவு. ரஸாவை மிகவும் மதிப்பவர்களுக்கு இது பிடிக்காது, தெரியும்.

பணிக்கரை நேரில் பார்க்க விரும்பினால் திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் அவர் பெயரிலேயே ஒரு கேலரி இருக்கிறது. திங்கள்கிழமை போகாதீர்கள், விடுமுறை. சென்னைக்காரர்களுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சோழமண்டலம் பக்கம். பழைய நீர்வண்ணப் படங்கள் கண்ணில் பட்டால் அவற்றை முதலில் பார்த்துவிட்டு, அப்புறம் எழுத்துப் படங்களிடம் வாருங்கள். காயலை அவ்வளவு அழகாக வரையத் தெரிந்த கை எதையெல்லாம் வேண்டாம் என்று விட்டது என்பது அப்போதுதான் தெரியும்.