வாசகர் கேள்வி: முதலில் விழப் பழகுங்கள்

கேள்வி: டேக்வாண்டோ தெரியும், ஹாப்கிடோ என்று இன்னொரு கொரியக் கலை இருக்கிறதாமே, அதில் என்னதான் சொல்லித் தருவார்கள்? எனக்கு 41 வயது, சேரலாமா?
— வாசகி, கரூர்

பதில்: டேக்வாண்டோ ஒலிம்பிக்கில் இருப்பதால் எல்லோருக்கும் தெரிகிறது. ஹாப்கிடோவில் புள்ளிக் கணக்கு பெரிய விஷயமில்லை, ஒருவன் கையைப் பிடித்தால், சட்டையைப் பிடித்தால், கழுத்தை நெரித்தால் என்ன செய்வது என்பதுதான் அதன் கவலை. ஜப்பானின் அய்கிடோவையும் இதே மூன்று சீன எழுத்துகளில்தான் எழுதுகிறார்கள், ஆனால் அவர்கள் உதைப்பது அபூர்வம், இவர்கள் தாராளமாக உதைப்பார்கள்.

இதைத் தொடங்கி வைத்த சோய் யோங் சூல் சிறுவயதில் ஜப்பான் போய், இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் கொரியாவின் டேகு நகருக்குத் திரும்பியவர். தக்கேதா சோகாகு என்ற பெரிய ஜப்பானியத் தற்காப்புக் கலை ஆசானிடம் கற்றதாக அவரே சொன்னார், கற்றாரா இல்லையா என்று இன்னும் அடித்துக்கொள்கிறார்கள், அதை விடுங்கள். 1948இல் தன் பன்றிகளுக்குத் தீனி வாங்க ஒரு மது ஆலைக்குப் போன இடத்தில் தகராறாகி, மேலே பாய்ந்தவர்களை எல்லாம் அவர் மடக்கிப் போட, அதை மாடியிலிருந்து பார்த்த முதலாளி மகன் சோ போக் சோப்தான் முதல் மாணவர் ஆனாராம். உதைகள் இவ்வளவு சேர்ந்ததில் பின்னால் வந்த ஜி ஹான் ஜேவுக்குப் பெரிய பங்கு உண்டு, ப்ரூஸ் லீயோடு திரையில் மோதிய அதே ஆள்தான்.

சரி, பயிற்சிக்கு வருவோம். வகுப்பு நடக்கும் இடம் தோஜாங், உடை தோபோக். அடிவயிற்றில் மூச்சை இறக்கும் தான்ஜியோன் பயிற்சி, பிறகு நக்போப், அதாவது விழும் முறை. மோவாயை நெஞ்சோடு ஒட்டி, மூச்சை வெளியே விட்டு, உடம்பு பாயைத் தொடும் நேரத்தில் உள்ளங்கையும் முன்கையும் சேர்த்துப் பாயில் ஓங்கி அறைய வேண்டும். நாமோ வழுக்கினால் கையை ஊன்றுவோம், மணிக்கட்டு உடைவது அதனால்தான். வாழ்நாளில் யாரும் உங்களைத் தாக்காமல் போகலாம், ஆனால் குளியலறையில் ஒருநாள் வழுக்கத்தான் போகிறது!

அப்புறம் பிடி விடுவிப்பது. யாராவது மணிக்கட்டைப் பிடித்தால் பின்னால் இழுக்கத்தான் தோன்றும், அது அவனுக்கு வசதி. விரல்களை நன்றாக விரித்து, ஓர் அடி உள்ளே வைத்து, முழங்கையை அவன் பக்கம் தள்ளிக்கொண்டே அவனுடைய கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடுக்கு வழியாகக் கையை உருவுங்கள். எதிர்க்காமல் இசைவது, வட்டமாகத் திரும்புவது, நீர்போல் ஓடுவது என்று அவர்கள் சொல்லும் மூன்று தத்துவமும் இந்த ஒரு பிடியிலேயே இருக்கிறது. மூட்டை முறுக்கி அசையவிடாமல் பிடிக்கும் பூட்டு, எறிதல், குட்டைக் கம்பு, கைத்தடி எல்லாம் பிறகு வரும்.

வீடியோக்களில் ஆள் பறந்து விழுவதைப் பார்த்து ஏமாற வேண்டாம், பாதி அவரே ஒத்துழைத்து விழுவது. முரண்டு பிடிப்பவனிடம் முதலில் ஒரு அடி அடித்துக் கவனத்தைத் திசை திருப்பாமல் பூட்டு விழாது.

41 ஒரு வயதா, சேருங்கள். கழுத்து, முட்டி வலி இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். பூட்டு வலித்தால் கூச்சப்படாமல் பாயிலோ அவர் மேலோ கையால் தட்டுங்கள், தட்டியதும் அவர் உடனே விட வேண்டும் என்பது விதி. விழக் கற்றுத்தராமல் முதல் நாளே தூக்கிப் போட்டார்கள் என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.