யார் போய்ச் சொல்வது?

வணக்கம் சார்,

நியூ ஜெர்சிக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. குடியுரிமை கிடைத்து நான் போட்ட முதல் ஓட்டு 2024 தேர்தலில்தான். அந்த ஜூன் மாத பைடன்-டிரம்ப் விவாதத்தை ஏழெட்டு நண்பர்கள் ஒரே வீட்டில் கூடி, பிரியாணியெல்லாம் செய்து வைத்துக்கொண்டு பார்த்தோம். பத்து நிமிடத்தில் எல்லாரும் வாயடைத்துப் போனோம். ஒரு நண்பர் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிட்டார். எனக்கு பைடன் மேல் கோபமே வரவில்லை. கடைசிக் காலத்தில் என் தாத்தா பேச்சைத் தொலைத்துவிட்டு முழித்தது ஞாபகம் வந்தது.

கூடவே இருந்தவர்களுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? அதிபராக 35 வயது ஆகியிருக்க வேண்டும் என்று எழுதி வைத்தவர்கள் மேல்வரம்பு ஒன்றை ஏன் வைக்கவில்லை? இது அமெரிக்காவின் வியாதியா, ஐரோப்பாவிலும் உண்டா? அப்பாவுக்கு மன்னார்குடிப் பக்கம். துளசேந்திரபுரத்தில் கமலா ஹாரிஸுக்குக் கட்டிய பேனரைப் போய்ப் படம் எடுத்து அனுப்பியவர். "அந்தப் பொண்ணு கூடவேதானே இருந்துச்சு, அது ஏன் வாயைத் திறக்கலை?" என்று இன்றும் போனில் கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்ல?

ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

உங்கள் கேள்விகள் எல்லாவற்றையும்விட அப்பாவின் கேள்விதான் கூர்மையானது. கடைசியில் அங்கே வருகிறேன்.

என் பெரிய மாமா 79 வயது வரை ஸ்கூட்டர் ஓட்டினார். இரண்டு முறை விழுந்தார், ஒரு முறை கோயில் வாசலில் பூக்கடைக்குள் போனார். வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அத்தை சொன்னால் சண்டை வரும். பையன் சொன்னால் சொத்துக்கு அவசரப்படுகிறான் என்று வரும். நான் சொல்லவில்லை, ஊருக்குப் போனால் அவர் வீட்டில்தானே தங்க வேண்டும்? கடைசியில் சொன்னவர் மெக்கானிக். பிரேக் சரியில்லை என்று மாமா வண்டியைக் கொண்டுபோய் விட்டிருக்கிறார். "வண்டி நல்லாத்தான் இருக்கு சார்" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டு அவர் அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். மாமா அன்றைக்கு வீட்டுக்கு ஆட்டோவில் வந்தார்.

பைடன் விஷயமும் ஏறக்குறைய இதுதான். 2024 பிப்ரவரியில், பைடன் வீட்டில் இருந்த ரகசிய ஆவணங்கள் பற்றி விசாரித்த சிறப்பு வழக்கறிஞர் ராபர்ட் ஹர் தன் அறிக்கையில், ஞாபகசக்தி குறைந்த வயதானவர் என்று அவரைப் பற்றி எழுதினார். இது அரசியல் உள்நோக்கம் என்று பைடனின் ஜனநாயகக் கட்சி ஹர் மேல் பாய்ந்தது. அதே கட்சியின் டீன் பிலிப்ஸ், வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உள்கட்சித் தேர்தலான பிரைமரியில் பைடனை எதிர்த்து நின்றார். அவரைக் கோமாளியாக்கினார்கள். ஜூன் 27 அட்லாண்டா விவாதத்துக்கு அப்புறமும் பைடன் விலக 24 நாள் ஆனது. ஜூலை 8ஆம் தேதி, நான் நிற்கத்தான் போகிறேன் என்று தன் கட்சி எம்.பி.க்களுக்குக் கடிதமே எழுதினார். இரண்டு நாள் கழித்து முன்னாள் சபாநாயகர் நான்சி பெலோசி டிவியில் வந்து, நிற்பதா வேண்டாமா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார். முடிவு செய்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தவரைப் பற்றி இப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று வாஷிங்டனில் எல்லாருக்கும் புரிந்தது. பெலோசிக்கு அப்போது 84 வயது, பைடனைவிட மூத்தவர். அதைவிட முக்கியம், 2022லேயே தலைமைப் பதவி இனி வேண்டாம் என்று அறிவித்து ஒதுங்கியிருந்தார். பைடன் கொடுத்துத் தனக்குக் கிடைக்க வேண்டியது என்று அவருக்கு எதுவும் இல்லை.

ஒரு தலைவரைச் சுற்றி இருப்பவர்களின் சம்பளம், பதவி, அடுத்த வேலை எல்லாமே அவர் நாற்காலியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதனால் வயது எத்தனை என்பதைவிட, யார் போய்ச் சொல்வது, சொன்னவருக்கு என்ன ஆகும் என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

இதற்கு முதல் உலகப் போர்க்கால அதிபர் உட்ரோ வில்சன் கதையைவிட நல்ல பாடம் கிடையாது. 1919 செப்டம்பரில், போருக்குப் பின் நாடுகளை ஒன்றுசேர்க்க வந்த சர்வதேச சங்கத்துக்கு ஆதரவு திரட்ட ரயிலில் நாடு முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தவர், கொலராடோவில் பியூப்லோ என்ற ஊரில் பேசிய பிறகு சுருண்டுவிட்டார். அக்டோபர் 2 அன்று வெள்ளை மாளிகையில் பக்கவாதம், இடது பக்கம் விழுந்துவிட்டது. மனைவி எடித்தும் டாக்டர் கிரேசனும் கதவை அடைத்துக்கொண்டார்கள். எந்தக் காகிதம் படுக்கைக்குப் போக வேண்டும், எது போக வேண்டாம் என்பதை எடித் பார்த்துக்கொண்டார். நரம்புத் தளர்ச்சி, ஓய்வு தேவை என்ற அளவில் வெளியே செய்தி போனது. சந்தேகப்பட்டு டிசம்பரில் இரண்டு செனட்டர்கள் நேரில் பார்க்க வந்தபோது, விழுந்த இடது கையைப் போர்வைக்குள் மறைத்துப் படுக்க வைத்திருந்தார்கள். வந்தவர்கள் திருப்தியாகத் திரும்பினார்கள். 1921 மார்ச் வரை, பதினேழு மாதம் இப்படியே ஓடியது. அதற்குள், அந்தச் சங்கத்தையும் சேர்த்து எழுதிய வெர்சாய் சமாதான ஒப்பந்தம் செனட்டில் இரண்டு முறை தோற்றது.

வெளியுறவு அமைச்சர் ராபர்ட் லான்சிங் மட்டும் ஒன்று செய்தார். அதிபர் இல்லாமல் நாடு நிற்கக் கூடாதே என்று அமைச்சரவைக் கூட்டங்களைத் தானே கூட்டினார். 1920 பிப்ரவரியில் வில்சனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்ததும் முதலில் கேட்டு வாங்கியது லான்சிங்கின் ராஜினாமாவைத்தான்.

கவனியுங்கள், பக்கவாதம் வந்தபோது வில்சனுக்கு 62 வயது. இது உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பாதி பதில். 75, 80 என்று எந்த வரம்பு போட்டிருந்தாலும் அவர் அதில் சிக்கியிருக்க மாட்டார். வடக்கு டகோட்டா மாநிலத்தில் 2024 ஜூனில் மக்கள் ஓட்டுப் போட்டு, பதவிக்காலம் முடிவதற்குள் 81 ஆகிவிடுகிறவர்கள் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு நிற்க முடியாது என்று விதி கொண்டுவந்தார்கள். அது நீதிமன்றத்தில் நிற்பது கஷ்டம். அரசியல் சாசனத்தில் இல்லாத தகுதியை மாநிலங்கள் சேர்க்க முடியாது என்று 1995லேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. கனடா செனட்டில் 75இல் வீட்டுக்கு அனுப்புகிறார்கள், ஜெர்மன் அரசியல் சாசன நீதிமன்றத்தில் 68இல். நியமனப் பதவிக்கு அது சரி, எனக்கு மறுப்பில்லை. மக்கள் தேர்ந்தெடுக்கும் பதவிக்கு வரம்பு வைத்தால், மக்களுக்கே தேர்ந்தெடுக்கத் தெரியாது என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். அந்த இடத்தில் எனக்குக் கால் தயங்குகிறது.

ஐரோப்பாவிலும் உண்டா என்றால், நன்றாகவே உண்டு. 1953 ஜூன் 23 அன்று டவுனிங் தெருவில் இத்தாலியப் பிரதமருக்குக் கொடுத்த விருந்தின் முடிவில் பிரிட்டன் பிரதமர் சர்ச்சிலுக்குப் பக்கவாதம் வந்தது. வயது 78. டாக்டர்கள் எழுதிய அறிக்கையில் மூளை ரத்த ஓட்டம் பற்றி இருந்த வரியை மூத்த அமைச்சர்கள் எடுத்துவிட்டு, பிரதமருக்கு ஓய்வு தேவை என்று மட்டும் வெளியிட்டார்கள். பெரிய பத்திரிகை முதலாளிகளை வீட்டுக்கு வரவழைத்துப் பேசினார்கள். ஒரு பத்திரிகையும் எழுதவில்லை. செயலாளர் கோல்வில்லும் மருமகன் சோம்ஸும் சில வாரங்கள் கோப்புகளை ஓட்டினார்கள். வாரிசு என்று எல்லாரும் அறிந்திருந்த ஆண்டனி ஈடன் அந்த நேரம் எங்கே? பாஸ்டனில் ஆபரேஷன் மேஜையில். பித்தப்பை ஆபரேஷன் லண்டனில் கெட்டுப்போய், அதைச் சரிபண்ண அங்கே போயிருந்தார். சர்ச்சில் தேறிவந்து 80 வயது வரை, 1955 ஏப்ரல் வரை உட்கார்ந்திருந்தார். அத்தனை வருடம் காத்திருந்து வந்த ஈடன், சூயஸ் கால்வாய்ச் சண்டையில் கையைச் சுட்டுக்கொண்டு இரண்டு வருடம்கூட முடியாமல் உடல்நலத்தைச் சொல்லி விலகினார். வாரிசைக் காக்கவைத்தே பழசாக்குவதும் இந்த வியாதியின் ஒரு பகுதி.

பிரான்சில் அதிபர் மித்தராந் இன்னும் ஒரு படி மேலே. ஆறு மாதத்துக்கு ஒருமுறை என் உடல்நிலை அறிக்கையை வெளியிடுவேன் என்று வாக்குக் கொடுத்து 1981இல் வந்தவர். அந்த வருடம் நவம்பரிலேயே புற்றுநோய் என்று தெரிந்துவிட்டது. சொன்ன வாக்குத் தவறாமல் அறிக்கைகள் வந்துகொண்டேயிருந்தன, பொய்யாக. 1992இல்தான் நாட்டுக்குச் சொன்னார்.

ஆனால் பிரிட்டன் மாதிரி நாடுகளில் ஒரு வசதி உண்டு. அங்கே சொல்லும் வேலை சொந்தக் கட்சி எம்.பி.க்களுக்கு இருக்கிறது. மூன்று தேர்தல் ஜெயித்த தாட்சரை 1990இல் அவர்கள்தான் இறக்கினார்கள். 2022இல் பிரதமர் ஜான்சனை விலக வைக்க ஐம்பதுக்கு மேற்பட்டோர் ஓரிரு நாளில் பொறுப்புகளை வீசிவிட்டுப் போனார்கள். இரண்டு பேருக்கும் வயது பிரச்சினையே இல்லை, ஆனால் கதவு ஒன்று இருக்கிறது என்பதுதான் விஷயம். அந்தக் கதவு சில நேரம் ரொம்பச் சுலபமாகவே திறந்துவிடும், அதே வருடம் மூன்று பிரதமர்களைப் பார்த்தோமே.

அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் அப்படி ஒரு கூட்டம் இருந்தது. 1944இல் ரூஸ்வெல்ட்டின் முகத்தைப் பார்த்த கட்சிப் பெரிய மனிதர்களுக்கு அவர் அடுத்த நாலு வருடம் தாங்க மாட்டார் என்று தெரிந்தது. அதை வெளியே சொல்லாமல், துணை அதிபர் வாலஸைக் கழற்றிவிட்டு ட்ரூமனைக் கொண்டுவந்தார்கள். ட்ரூமன் துணை அதிபராகி 82ஆம் நாள் ரூஸ்வெல்ட் இறந்தார். 1968 கட்சி மாநாட்டுக் கலவரங்களுக்குப் பிறகு வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் பிரைமரிகளுக்குப் போனது. அது நியாயம்தான், மூடிய அறையில் சுருட்டுப் புகைக்குள் நடந்ததற்கு நான் ஏங்கவில்லை. ஆனால் பிரைமரியில் ஜெயித்த அதிபரிடம் போய், ஐயா போதும் என்று சொல்லும் தகுதி யாருக்கும் இல்லாமல் போயிற்று. ட்ரூமனுக்கே அணுகுண்டு பற்றிய விவரம் அதிபரான பிறகுதான் தெரிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பெரிய மனிதர்களும் வாரிசைத் தேர்ந்தெடுத்தார்களே தவிர, தயார் செய்யவில்லை.

காங்கிரஸில் நிலைமை இன்னும் மோசம். அங்கே சீனியாரிட்டிதான் நாணயம். எத்தனை வருடம் உட்கார்ந்தீர்களோ அத்தனை பெரிய கமிட்டி. செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைன் 2023இல் அக்கி வந்து மூன்று மாதம் போல வரவில்லை, நீதித்துறைக் கமிட்டியில் நீதிபதி நியமனங்கள் தேங்கின. திரும்பி வந்தவர், ஓட்டெடுப்பில் பேச ஆரம்பிக்க, சக செனட்டர் 'ஆம் என்று மட்டும் சொல்லுங்கள்' என்று எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. 90 வயதில், பதவியிலேயே இறந்தார். 2024 டிசம்பரில் ஒரு முக்கியக் கமிட்டியில் ஜனநாயகக் கட்சியின் மூத்த இடத்துக்கு 35 வயது ஒகாசியோ-கோர்ட்டெஸும் 74 வயது ஜெரி கானலியும் மோதினார்கள். தனக்குப் புற்றுநோய் என்பதைக் கானலி முன்பே அறிவித்திருந்தார். கட்சி 131க்கு 84 என்று கானலியைத் தேர்ந்தெடுத்தது. 2025 மே 21 அன்று அவர் இறந்தார். மறுநாள் டிரம்பின் பெரிய வரி மசோதா கீழவையில் 215க்கு 214 என்று நிறைவேறியது. ஜனநாயகக் கட்சியில் அந்த வருடம் இறந்த மூன்றாவது உறுப்பினர் கானலி. ஆளுங்கட்சியிலும் வராதவர்கள் இருந்ததால், மூவரும் இருந்திருந்தால் மசோதா விழுந்திருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த எண்ணைப் பார்த்தால் வயிறு பிசைகிறது.

சரி, அப்பாவுக்கு வருவோம்.

1967இல் வந்த 25ஆவது திருத்தத்தின் நான்காம் பிரிவுப்படி, அதிபரால் முடியவில்லை என்று துணை அதிபரும் அமைச்சரவையில் பெரும்பான்மையும் சேர்ந்து எழுதிக் கொடுக்கலாம். அதிபர் 'எனக்கு ஒன்றுமில்லை' என்று மறுத்தால் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். இதுவரை ஒருமுறைகூட அதைத் தொட்டதில்லை. துணை அதிபர், அதாவது அப்போது கமலா, இல்லாமல் அது நகரவே நகராது. அது நகர்ந்தால் உடனே நாற்காலி கிடைப்பதும் துணை அதிபருக்குத்தான். வாயைத் திறந்திருந்தால் துளசேந்திரபுரத்துப் பேத்தி கிழவரைத் தள்ளிவிட்டாள் என்று பேர் வந்திருக்கும். திறக்காததற்கு, பைடன் விலகி, தான் வேட்பாளரான பிறகு தேர்தல் களத்தில் கிடைத்த 107 நாளும், உங்களுக்கு எப்போது தெரியும் என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே தேய்ந்தார். என் மாமா பையனின் நிலைமைதான்.

இப்போது அந்தத் துணை அதிபர் இடத்தில் வான்ஸ் இருக்கிறார். 2029 ஜனவரியில் பதவி முடியும்போது டிரம்புக்கு 82 வயது. வாரிசு வரிசையில் துணை அதிபர், சபாநாயகர், மூன்றாவதாக செனட்டின் தற்காலிகத் தலைவர். ஆளுங்கட்சியில் மிக நீண்ட காலம் இருப்பவருக்குத்தான் வழக்கப்படி அந்த இடம். இப்போது இருப்பவர் சக் கிராஸ்லி, 1933இல் பிறந்தவர்.

வில்சன் படுத்திருந்த பதினேழு மாதமும் துணை அதிபராக இருந்த தாமஸ் மார்ஷலை, பொறுப்பை எடுத்துக்கொள்ளச் சொல்லிப் பலர் தூண்டினார்கள். அவர் அசையவில்லை. அவர் சொன்ன ஜோக் ஒன்று உண்டு, அப்பாவுக்குச் சொல்லுங்கள். ஒரு வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர். ஒருவன் கப்பலேறிப் போனான், இன்னொருவன் துணை அதிபரானான். அப்புறம் இரண்டு பேரைப் பற்றியும் ஒரு தகவலும் இல்லை.