கைக்குழந்தையைச் சொல்லாமல் கனடாவில் போய் இறங்கலாமா?

கேள்வி: எனக்கு ஊர் ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினம். கணவர் டொரன்டோவில் இருக்கிறார், பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) தான், குடியுரிமை இன்னும் வரவில்லை. அவர் ஸ்பான்சர் செய்த என் மனு முடிந்து, விசா குத்திய பாஸ்போர்ட்டும் பி.ஆர். உறுதிப் பத்திரமும் கைக்கு வந்துவிட்டன. பத்திரம் காலாவதியாக இரண்டரை மாதம் இருக்கிறது. இதற்கிடையே எனக்குப் பிள்ளை பிறந்து நாற்பது நாளாகிறது. “இப்போது சொன்னால் ஃபைல் இழுத்துக்கொண்டே போகும். பிள்ளையை உம்மாவிடம் விட்டுவிட்டுப் போய் லேண்டிங்கை (அங்கே இறங்கி பி.ஆர். ஆகும் நடைமுறையை) முடியுங்கள், பிறகு அவர் கூப்பிட்டுக்கொள்வார்” என்கிறார் ஏஜென்ட். செய்யலாமா? என் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். (வெளிநாட்டு வேலைக்குப் போக அரசு அனுமதி தேவை என்ற குறிப்பு) இருப்பது தடையா என்று மாமியும் கேட்கச் சொன்னார்.

பதில்: செய்யாதீர்கள், சகோதரி. டிக்கெட் எடுத்திருந்தால் தேதியை மாற்றுங்கள்.

ஏஜென்ட் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதிதான் ஆளைக் கவிழ்க்கும். கனடாவின் 2002-ஆம் ஆண்டு குடிவரவு விதிகளில் 117(9)(டி) என்று ஒரு பிரிவு உண்டு. பி.ஆர். ஆகும்போது தனக்கு இருக்கும் பிள்ளையைக் காட்டாமல், பரிசோதனைக்கும் உட்படுத்தாமல் விட்டவர், அந்தப் பிள்ளையைப் பின்னால் குடும்ப வகையில் ஸ்பான்சர் செய்ய முடியாது. இது உங்களைத்தான் கட்டும். உங்கள் கணவர் பி.ஆர். ஆனபோது இந்தப் பிள்ளை பிறக்கவே இல்லை. ஆகவே அவர் தனி மனு போடலாம். ஏஜென்ட் கணக்கு அதுதான்.

ஆனால் அதற்கு முன் நீங்கள் விமான நிலையத்தில் அதிகாரி முன்னால் நிற்க வேண்டுமே! திருமண நிலை மாறியதா, மனுவில் காட்டாத பிள்ளைகள் உண்டா என்று கேட்பார். “இல்லை” என்று கையெழுத்துப் போட்டால் குடிவரவுச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு பாயும்: பி.ஆர். பறிபோகலாம், 5 ஆண்டுத் தடையும் விழும். கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். பின்னால் கணவர் போடும் மனுவோடு பிறப்புச் சான்றிதழ் போகும். அதில் உங்கள் பெயரும் பிள்ளை பிறந்த தேதியும் இருக்கும். “உண்டு” என்று உண்மையைச் சொன்னாலோ, லேண்டிங் அங்கேயே நின்றுபோக வாய்ப்பு அதிகம். விடுபட்ட குடும்பத்தினருக்காக 2019 செப்டம்பரில் ஒரு தற்காலிகச் சலுகை வந்தது உண்மைதான். சலுகையை நம்பி யாராவது பொய் சொல்வார்களா?

இன்றே கனடா குடிவரவுத் துறையின் இணையப் படிவம் வழியாக, மனு எண்ணைக் குறிப்பிட்டு, பிள்ளை பிறந்ததைத் தெரிவித்து மனுவில் சேர்க்கச் சொல்லுங்கள். பதில் வரும்வரை பயணம் வேண்டாம். பத்திரத்தின் தேதியை நீட்டித் தர மாட்டார்கள், புதிதாகத் தருவார்கள். உங்கள் மருத்துவப் பரிசோதனை 12 மாதம்தான் செல்லும் என்பதால் அதை மறுபடி செய்ய வேண்டிவரலாம். சில மாதம் தாமதமாகும், கொஞ்சம் பணமும் போகும். பிள்ளைக்குப் பரிசீலனைக் கட்டணம் உண்டு, பி.ஆர். உரிமைக் கட்டணம் கிடையாது. அதன் பரிசோதனையைக் கனடா அங்கீகரித்த மருத்துவரிடம்தான் செய்ய வேண்டும், சென்னைக்குப் போக வேண்டியிருக்கும். நம்மூர் டாக்டர் எழுதிக் கொடுப்பது செல்லாது.

நம் பக்கத்தில் பலரும் சறுக்குவது பிறப்புச் சான்றிதழில். ஆஸ்பத்திரியில் பதிந்ததோடு சரி, பெயர்க் கட்டம் காலியாகவே கிடக்கும். முதலில் பெயரைச் சேருங்கள். ஓராண்டுக்குள் என்றால் கட்டணமில்லை. அப்புறம் பிள்ளைக்கு பாஸ்போர்ட், நமக்கு மதுரை அலுவலகம். தந்தை வெளிநாட்டில் இருப்பதால் அவருடைய சம்மதப் பத்திரத்தை அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் செய்து வாங்கிவிடுங்கள். இந்த ஒரு காகிதம் இல்லாமல் திரும்பி வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஈ.சி.ஆர். பற்றி மாமியிடம் கவலை வேண்டாம் என்று சொல்லுங்கள். சவூதி, அமீரகம், மலேசியா போன்ற 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான் அது. கனடா அந்தப் பட்டியலில் இல்லை.

போகும்போது நகைகளுக்குப் படமும் மதிப்புச் சீட்டும் வைத்துக்கொண்டு, கூடக் கொண்டுவருபவை, பின்னால் வருபவை என இரண்டு பட்டியல் எழுதிப் போங்கள். முதல் நாளே சுங்கத்தில் காட்டிவிட்டால் பிறகு வரி வம்பு இல்லை. 10,000 கனடிய டாலரோ அதற்கு மேலோ கையில் இருந்தால் அறிவிக்க வேண்டும். இறங்கி 180 நாளுக்குள் கனடா முகவரியைக் கொடுத்துவிடுங்கள், பி.ஆர். கார்டு தபாலில் அங்கேதான் வரும். அது கைக்கு வராமல் பெருநாளுக்கு ஊருக்கு வந்தால், திரும்பிப் போகத் தனிப் பயண ஆவணம் கேட்டு மறுபடி காத்திருக்க வேண்டும்.