வாசகர் கேள்வி: செல்லோ பயிலரங்கு

கேள்வி: முதன்முறையாக செல்லோ (வயலின் போன்ற, ஆனால் பெரிய தந்திக் கருவி) பயிலரங்குக்குப் போகிறேன். ஏசி அறைக்குள் போனாலே தந்திகள் தளர்ந்துவிடுகின்றன. என்ன செய்யலாம்?

பதில்: ஏசியின் வறண்ட காற்றில் பிரடையின் (தந்தியை முறுக்கும் திருகு) மரம் சுருங்கிப் பிடி நழுவுகிறது. அரை மணி நேரம் முன்னதாகப் போய்ப் பெட்டியைத் திறந்து வையுங்கள். பிறகு ஏ, டி, ஜி, ஸி என நான்கு தந்திகளையும் ஒவ்வொன்றாக, பிரடையை உள்நோக்கி அழுத்திக்கொண்டே முறுக்குங்கள். அழுத்தாமல் முறுக்கினால் மறுபடி நழுவும். நான்கையும் ஒரேயடியாகத் தளர்த்தவே வேண்டாம். தந்திகளைத் தாங்கும் ‘குதிரை’ என்ற மரத்துண்டு சாயும், உள்ளே தாங்கி நிற்கும் சிறு குச்சியும் விழுந்துவிடும். அதைத் திரும்ப நிறுத்துவது கருவி செய்பவரின் வேலை.

வழவழப்பான தரையில், கருவியை ஊன்றி நிறுத்தும் அடிமுள் வழுக்கும். நாற்காலிக் காலில் மாட்டும் பட்டை ஒன்று கட்டாயம் வேண்டும். ஓர் உபரி ஏ தந்தி, வில்லில் தேய்க்கும் ரோசின், பென்சிலும் இருக்கட்டும்.